வெற்று இறுவட்டில் 29 சதம்: பாடல்களைப் பிரதி எடுப்பது பற்றிய வாசகர் கேள்விகள்

சட்டம் தொடர்பாக வாசகர்கள் அனுப்பும் கடிதங்களில், பாடல்களைப் பிரதி எடுப்பது பற்றியவை அண்மையில் அதிகமாக வந்திருப்பதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மகளின் திருமணப் படங்களை உறவினர்களுக்கு அனுப்புவதற்காக நூறு வெற்று இறுவட்டுகள் (சிடி) வாங்கினேன். ஒவ்வொன்றின் விலையிலும் 29 சதம் இசைக் கலைஞர்களுக்குப் போகிறது என்று கடைக்காரர் சொன்னார். படம் பதிவதற்கு நான் ஏன் பாட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும்? இது அரசாங்க வரியா? (வாசகர், ஸ்காபரோ)

பதில்: இது வரி அல்ல, இந்தப் பணம் திறைசேரிக்குப் போவதும் இல்லை. கனேடியப் பதிப்புரிமைச் சட்டத்தின் எட்டாம் பகுதியின்படி, வெற்று இறுவட்டை உற்பத்தி செய்பவரோ இறக்குமதி செய்பவரோ செலுத்தவேண்டிய தீர்வை இது. தொகையைப் பதிப்புரிமைச் சபை விசாரணை நடத்தித் தீர்மானிக்கிறது. கனேடியன் பிரைவேட் கொப்பியிங் கலெக்டிவ் என்னும் கூட்டமைப்பு அதை வசூலித்து உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இறக்குமதியாளர் செலுத்தியது விலையில் சேர்ந்துவிடுவதால், இறுதியில் அது தங்கள் தலையில் விழுகிறது.

1998க்கு முன்பு, ஒருவர் வீட்டிலிருந்தபடி தமக்காக ஒரு பாடலை ஒலிநாடாவில் பதிந்துகொள்வதுகூடக் கனடாவில் உரிமை மீறலாகவே கருதப்பட்டது. ஆனாலும் எல்லோரும் பதிந்தார்கள். வீடு வீடாகப் போய்த் தடுப்பது எவராலும் ஆகக்கூடியதல்ல. பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அதனால் ஒன்றும் கிடைக்கவுமில்லை. இந்த நிலையில்தான் 1997இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1998 மார்ச் முதல் ஒரு கொடுக்கல் வாங்கலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: சொந்தப் பாவனைக்காக வெற்று ஒலிப்பதிவு ஊடகத்தில் பாடலைப் பிரதி எடுப்பவர் இனி உரிமையை மீறியவர் ஆகமாட்டார்; அதற்கு ஈடாக, அந்த ஊடகம் சந்தைக்கு வரும்போதே கலைஞர்களுக்கு ஒரு தொகை சேர்ந்துவிடும்.

1999 டிசம்பரில் சபை வெளியிட்ட முதல் கட்டண அட்டவணையைப் பார்த்தால் தங்கள் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது. 40 நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் ஒலிநாடாவுக்கு 23.3 சதம், இசைப்பதிவுக்கென்றே தனியாக விற்கப்பட்ட இறுவட்டுக்கும் மினிடிஸ்க்குக்கும் 60.8 சதம், கணினியில் பாவிக்கும் சாதாரண இறுவட்டுக்கு வெறும் 5.2 சதம். சாதாரண இறுவட்டில் பெரும்பாலானோர் ஆவணங்களும் படங்களும் பதிகிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்தே அதற்கு அவ்வளவு குறைத்தார்கள். பிறகு வீட்டுக் கணினிகளில் பாட்டுப் பதிவது பெருகியதும் 2001இல் அது 21 சதமாகவும், பின்னர் 29 சதமாகவும் ஏறியது. இறுவட்டின் உற்பத்திச் செலவு சரிந்துகொண்டே போனதால், தட்டின் விலையைவிடத் தீர்வை கூடுதலாக இருந்த காலமும் உண்டு.

ஆகவே தங்களைப் போன்றவர்களின் பாவனை சராசரிக் கணக்கில் கழிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் சட்டம் தரும் பதில். தனிப்பட்ட முறையில் தங்களுக்கு அது ஆறுதல் அல்ல என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். நூறு இறுவட்டுக்கு 29 டொலர் கொடுத்த ஒருவர் ஒரு பாடலும் பதியவில்லை என்றால், அவர் முறையிடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தனிநபருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு சட்டத்தில் இல்லை. பார்வை, செவிப்புலன் போன்ற குறைபாடு உடையவர்களைப் பிரதிநிதித்துவம் செய்யும் சங்கங்களுக்கு மட்டுமே சட்டம் விலக்களிக்கிறது. அடுத்த முறை படங்களை டிவிடியிலோ யுஎஸ்பியிலோ பதிந்து அனுப்புங்கள். அவற்றின்மீது இந்தத் தீர்வை இல்லை.

கேள்வி: என் அண்ணன் சென்னையில் திரையிசைப் பதிவுகளுக்கு வயலின் வாசிப்பவர். அவர் வாசித்த பாடல்கள் இங்குள்ள தமிழர் வீடுகளில் எவ்வளவோ பிரதி எடுக்கப்பட்டிருக்கும். அவருக்கு இந்தப் பணத்தில் பங்கு உண்டா? (வாசகி, மார்க்கம்)

பதில்: வாசித்தவர் என்ற முறையில் இல்லை. வசூலான தொகையில் 58.2 வீதம் பாடலாசிரியர், இசையமைப்பாளர், அவர்களுடைய வெளியீட்டாளர் ஆகியோருக்கும், 23.8 வீதம் பாடியவர், வாசித்தவருக்கும், 18 வீதம் ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கும் என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. முதற்பிரிவில் நாட்டு வேறுபாடு இல்லை; கனடாவில் பதிப்புரிமை உள்ள எந்தப் படைப்பின் ஆசிரியரும் தகுதி பெறுவார். ஆனால் பாடியவரும் வாசித்தவரும், பதிவு செய்த நாளில் கனேடியக் குடிமகனாகவோ நிரந்தர வதிவுரிமை பெற்றவராகவோ இருந்திருக்க வேண்டும். அதனால் அண்ணன் வாசித்த பாடலை எழுதியவருக்கு வழி திறந்திருக்கிறது, அண்ணனுக்கு மூடியிருக்கிறது. வேறொரு நாடு கனேடியருக்கு இதே நன்மையைத் தந்தால் அந்நாட்டவருக்கும் இதை விரிவாக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. இந்தியாவில் இப்படியொரு தீர்வையே இல்லாததால் அந்த வழியும் பயன்படவில்லை.

இன்னொரு குறையையும் சொல்லவேண்டும். எந்த வீட்டில் எந்தப் பாட்டைப் பிரதி எடுத்தார்கள் என்பதை ஒருவரும் அறிய முடியாது. ஆகையால் வானொலி ஒலிபரப்பையும் இசைத்தட்டு விற்பனையையும் மாதிரியாக எடுத்துத்தான் பங்கு பிரிக்கிறார்கள். பெரிய வானொலிகளில் ஒலிக்காத, தமிழ்க் கடைகளின் கல்லாப்பெட்டியில் மட்டும் பதிவான பாடல்கள் அந்த மாதிரியில் அகப்படுவது கடினம்.

கேள்வி: நண்பரிடம் இரவல் வாங்கிய இசைத்தட்டை நான் பிரதி எடுத்தேன். “தீர்வை கட்டியாயிற்று, இனி எதைப் பிரதி எடுத்தாலும், இணையத்தில் இறக்கினாலும் தவறில்லை” என்கிறார் நண்பர். சரியா? (வாசகர், பிரம்டன்)

பதில்: இரவல் விடயத்தில் சரி, மற்றதில் இல்லை. சொந்தப் பாவனைக்கான பிரதியை அனுமதிக்கும், பதிப்புரிமைச் சட்டத்தின் எண்பதாம் பிரிவு கேட்பது இரண்டையே: பிரதியை எடுத்தவர் தமது சொந்தப் பாவனைக்காக எடுத்திருக்க வேண்டும், வெற்று ஒலிப்பதிவு ஊடகத்தில் எடுத்திருக்க வேண்டும். மூலத்தட்டு யாருடையது என்று அது கேட்பதில்லை. ஆகவே நண்பரின் தட்டைத் தாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, தங்களுக்காக, வெற்று இறுவட்டில் பிரதி எடுத்தால் அது சட்டப்படி சரி. அதே தட்டை நண்பரே பிரதி எடுத்துத் தங்களிடம் நீட்டினால் அது மீறல். ஏனென்றால் அவர் எடுத்தது தமக்காக அல்ல. இரண்டிலும் முடிவில் தங்கள் கையில் இருப்பது ஒரே தட்டுத்தான், ஆனாலும் சட்டம் பார்ப்பது எடுத்த கையை. விற்கவோ, வாடகைக்கு விடவோ, பலருக்கு வழங்கவோ, மண்டபத்தில் ஒலிக்கவிடவோ எடுத்த பிரதிக்கும் இந்த விலக்கு கிடையாது.

இதே காரியத்தைக் கைபேசியிலோ கணினியிலோ செய்தால் விதி மாறிவிடுகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தகைய பிரதிகளுக்கென்று புதிதாக 29.22ஆம் பிரிவைச் சேர்த்தது. அதில் தீர்வை இல்லை, ஆனால் நிபந்தனைகள் இறுக்கமானவை. மூலப்பிரதி சட்டப்படி பெற்றதாக இருக்கவேண்டும். இரவலாகவோ வாடகைக்கோ பெற்றதாக இருக்கக்கூடாது. பிரதி எடுப்பதைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு எதையும் உடைக்கக்கூடாது. எடுத்த பிரதியைப் பிறருக்குக் கொடுக்கக்கூடாது. மூலத்தட்டை விற்கவோ கொடுக்கவோ நினைத்தால், அதற்கு முன் கைபேசியிலுள்ள பிரதியை அழித்துவிடவேண்டும். எனவே நூலகத்திலிருந்து எடுத்துவந்த தட்டை வெற்று இறுவட்டில் பதியலாம், கைபேசியில் ஏற்றமுடியாது. இந்த வேறுபாட்டைப் பலர், படித்தவர்கள்கூட, கவனிப்பதில்லை.

இணையத்தில் இறக்குவது பற்றிய நம்பிக்கை 2004இல் பிறந்தது. இசை நிறுவனங்கள் தொடுத்த வழக்கொன்றில், சொந்தப் பாவனைக்காகப் பாடலை இறக்குவது மீறல் அல்ல என்று கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ஒருவர் அவ்வாண்டு மார்ச்சில் எழுதினார். பத்திரிகைகள் அதைத் தலைப்புச் செய்தியாக்கின. மறு ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம், வழக்கின் அந்தத் தொடக்கக் கட்டத்தில் அப்படியொரு முடிவுக்கு வந்திருக்கக்கூடாது என்று சொன்னது பரவவில்லை. கணினியின் வன்தட்டு தீர்வைக்குட்பட்ட ஊடகம் அல்ல. அனுமதியற்ற இடத்திலிருந்து அதில் இறக்கிவைத்தால் எண்பதாம் பிரிவு துணைக்கு வராது. வணிக நோக்கமில்லாத மீறலுக்கு நீதிமன்றம் விதிக்கக்கூடிய சட்டவழி இழப்பீடு 100 டொலரிலிருந்து 5,000 டொலர் வரை.

கேள்வி: 1980களில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒலிநாடாக்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. சில கடையில் வாங்கியவை, சில பதிவு நிலையங்களில் பட்டியல் கொடுத்துப் பதிவித்தவை, சில பட்டிமன்றங்களும் திரைப்பட ஒலிச்சித்திரங்களும். நாடா ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. கணினியில் மாற்றி வைக்கலாமா? (வாசகர், மொன்றியல்)

பதில்: தாமதிக்காமல் மாற்றுங்கள், கடையில் வாங்கியவற்றுக்கு 29.22ஆம் பிரிவே போதும். தங்கள் கேள்வியில் சிக்கல் மற்ற இரண்டில் இருக்கிறது.

பதிவு நிலையங்களை எம் தலைமுறையினர் நன்கு அறிவார்கள். கொப்பித் தாளில் பாடல்களின் பெயரை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டு, 60 நிமிட நாடாவா 90 நிமிட நாடாவா என்று சொல்லிவிட்டு வரவேண்டும். இரண்டு நாள் கழித்துப் போனால், உறையின் உட்புறத்தில் அழகான கையெழுத்தில் பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு என்று எழுதி, கடைசிப் பாட்டின் சரணம் பாதியில் அறுந்தபடி நாடா கிடைக்கும். அந்தக் கடைக்காரர்கள் உரிமையாளரிடம் அனுமதி பெற்றுப் பதியவில்லை என்றால், அந்த நாடா மீறல் பிரதி. மீறல் பிரதியிலிருந்து கணினியில் எடுப்பதை 29.22 காப்பாற்றாது. ஆனால் எண்பதாம் பிரிவு மூலத்தைப் பற்றிக் கேட்பதில்லை என்று மேலே சொன்னேன். ஆகவே அந்தப் பாடல்களை வெற்று இறுவட்டில் தங்களுக்காகப் பதிந்து வைத்துக்கொள்வதற்கு அதில் இடமிருக்கிறது. தீர்வை கட்டிய பழைய இறுவட்டு, புதிய கணினியைவிடப் பெரிய பாதுகாப்பைத் தருகிற இடம் இது.

பட்டிமன்றமும் ஒலிச்சித்திரமும் வேறு. எண்பதாம் பிரிவு இசைப்படைப்பு அடங்கிய ஒலிப்பதிவுக்கு மட்டுமே உரியது. பேச்சுக்கும் உரையாடலுக்கும் அதில் இடமில்லை. அவை கடையில் முறையாக வாங்கியவையாக இருந்தால் 29.22இன் கீழ் கணினியில் மாற்றலாம், ஏனெனில் அந்தப் பிரிவு எல்லாவகைப் படைப்புக்கும் பொதுவானது.

கேள்வி: எனக்குச் சொந்தமான இசைத்தட்டை எனது கைபேசியில் ஏற்றுவது பிரித்தானியாவில் குற்றமா? (வாசகர், லண்டன்)

பதில்: உரிமை மீறல்தான். 2014 ஒக்டோபர் 1 முதல் அதை அனுமதித்துச் சட்டம் வந்தது. ஆனால் கலைஞர்களுக்கு ஈடு எதுவும் தராமல் கொண்டுவரப்பட்டதால் இசைத்துறையினர் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்கு ஏற்படும் பாதிப்பு மிகச் சிறியது என்ற அரசின் முடிவுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் கண்டு, 2015 ஜூலையில் அதை இரத்துச் செய்துவிட்டது.

கேள்வி: இங்கே யுஎஸ்பி, கணினி, கைபேசி எல்லாவற்றின் விலையிலும் பிரதிக் கட்டணம் இருக்கிறதாமே? இந்த யோசனை எங்கிருந்து வந்தது? (வாசகி, டோர்ட்மண்ட்)

பதில்: தங்கள் நாட்டிலிருந்துதான் வந்தது. ஒலிநாடாக் கருவிகள் ஜேர்மன் வீடுகளுக்குள் நுழைந்த 1950களில், இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கமான கெமா, அக்கருவிகளைத் தயாரித்த குறூண்டிக் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. வீட்டில் பதிவதற்கும் உரிமையாளரின் சம்மதம் தேவை என்று 1955இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் யார் வீட்டில் யார் பதிகிறார்கள் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி வாங்க வருபவரின் அடையாள அட்டை விவரத்தை விற்பனையாளர்கள் தமக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கெமா கேட்டது. 1964இல் நீதிமன்றம் அதை மறுத்தது. வீட்டின் கதவுக்குள் நடப்பதை வேவு பார்க்க வழிவகுக்க முடியாது என்பதும், அதற்குப் பதிலாகக் கருவி தயாரிப்பவரிடமிருந்து ஒரு தொகையைப் பெறலாம் என்பதும் அந்தத் தீர்ப்பின் போக்கு. 1965 செப்டம்பரில் நிறைவேறி 1966 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜேர்மன் பதிப்புரிமைச் சட்டம், சொந்தப் பாவனைக்கான பிரதியை அனுமதித்து, பதிவுக் கருவிகள்மீது கட்டணம் விதித்தது. 1985இல் அது வெற்று நாடாக்களுக்கும் விரிந்தது.

தீர்வையைக் குறைசொல்பவர்கள் இந்தத் தொடக்கத்தை மறந்துவிடக்கூடாது என்று நினைக்கிறேன். மக்களின் வீட்டுக்குள் எவரும் எட்டிப்பார்க்காமலும், கலைஞரின் உழைப்புக்கு ஈடு கிடைக்காமல் போகாமலும் இருக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அதற்கு நீதிமன்றம் காட்டிய வழி இதுவே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு நெறிமுறையும், சொந்தப் பாவனைக்கான பிரதியை ஒரு நாடு அனுமதித்தால் உரிமையாளருக்கு நியாயமான ஈடு கிடைக்க வேண்டும் என்று விதித்தது. அதே வேளை, 2010இல் ஸ்பெயினிலிருந்து போன படவான் வழக்கில், நிறுவனங்கள் தம் தொழிலுக்கென வாங்கும் தட்டுகள்மீதும் வேறுபாடின்றித் தீர்வை போடுவது பொருந்தாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. 2014இல் நெதர்லாந்து வழக்கொன்றில், சட்டவிரோத மூலத்திலிருந்து எடுக்கும் பிரதியை இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவர முடியாது என்றும் சொன்னது. ஆகவே தாங்கள் கட்டணம் செலுத்திய யுஎஸ்பியில் வாங்கிய தட்டைப் பதியலாம். சட்டவிரோதமானது என்று வெளிப்படையாகத் தெரியும் தளத்திலிருந்து இறக்கியதைப் பதியமுடியாது, பூட்டை உடைத்தும் பதியமுடியாது.

கேள்வி: இந்தியாவில் இதுபோன்ற தீர்வை இல்லை என்றால், நான் வாங்கிய சிடியை யுஎஸ்பியில் ஏற்றிக் காரில் கேட்பது தவறா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தவறில்லை என்றே கொள்ளலாம். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகையை அனுமதிக்கிறது. ஆனால் முன்பு இலக்கிய, நாடக, இசை, கலைப் படைப்புகளுக்கே அது பொருந்தியது. ஒலிப்பதிவு அந்தப் பட்டியலில் இல்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதைக் கணினி நிரல் தவிர்ந்த எல்லாப் படைப்புகளுக்கும் விரித்தது. எது நியாயம் என்பதற்குச் சட்டத்தில் எண்ணிக்கை இல்லை. நீதிமன்றம் சூழ்நிலையைப் பார்த்துத்தான் சொல்லும். சொந்தச் சிடியைச் சொந்தக் காரில் கேட்பதை ஒருவரும் நியாயமற்றது என்று சொல்லமாட்டார்கள். அதே யுஎஸ்பியை ஐம்பது பேருக்குப் பிரதி எடுத்து விற்றால் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கேள்வி: இப்போது எவரும் இறுவட்டில் பாட்டுக் கேட்பதில்லை. கனடாவில் கைபேசிக்கு ஏன் தீர்வை இல்லை? (வாசகி, மிசிசாகா)

பதில்: முயன்றார்கள். 2003 டிசம்பரில் பதிப்புரிமைச் சபை எம்பி3 கருவிகளுக்குத் தீர்வை விதித்தது: ஒரு கிகாபைட் வரை 2 டொலர், பத்து வரை 15 டொலர், அதற்கு மேல் 25 டொலர். ஓராண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. சட்டம் சொல்வது “ஊடகம்” என்பதை. கருவிக்குள் பொருத்தப்பட்ட நினைவகம் கருவியின் பகுதியாகிவிடுகிறது, கருவியை ஊடகமாகக் கொள்ளமுடியாது என்பது தீர்ப்பு. 2005இல் உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. தீர்வையை வசூலிக்கும் கூட்டமைப்பு மறுபடியும் கேட்டபோது சபை செவிசாய்த்தது; 2008 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதையும் தள்ளுபடி செய்தது. பிறகு மைக்ரோ எஸ்டி அட்டைகளுக்குக் கேட்டார்கள். 2012இல் மத்திய அரசு ஒழுங்குவிதி கொண்டுவந்து அவ்வட்டைகளுக்கு விலக்களித்துவிட்டது.

நீதிமன்றத்தைக் குறைசொல்ல முடியாது. சட்டத்தில் எழுதியிருந்ததைத்தான் அது வாசித்தது. தவறு பாராளுமன்றத்தினுடையது என்பது என் உறுதியான கருத்து. 2012இல் கைபேசியில் பிரதி எடுக்கும் உரிமையைக் கேட்பவருக்குக் கொடுத்த அதே கையால், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய ஈட்டையும் எழுதியிருக்க வேண்டும். ஒரு தலைமுறை முழுவதும் பாடல்களைக் கைபேசிக்கு மாற்றிக்கொண்டபோது, கலைஞர்களின் பங்கு விற்பனை குறைந்துவரும் வெற்றுத் தட்டிலேயே கட்டுண்டு கிடந்தது.

சந்தா செலுத்திக் கேட்கும் செயலிகளில் பாடல்களைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்வது இந்தக் கணக்கில் வராது. அங்கே கலைஞர்களுக்குப் போவது அந்த நிறுவனத்துடனான ஒப்பந்தத்தின்படி. தங்களுக்குக் கிடைப்பதும் அந்த ஒப்பந்தம் தரும் உரிமை மட்டுமே. சந்தா நின்றால் கோப்புகள் திறக்காது. அவற்றின் பூட்டை உடைத்து இறுவட்டில் பதிவதைக் கனேடியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 41.1ஆம் பிரிவு தடைசெய்கிறது, அந்த இறுவட்டுக்குத் தீர்வை செலுத்தியிருந்தாலும்.